ஆனாலுக்கு முன்பே எழுந்தவர்கள்

சப்-கலெக்டர் பெல்லாமி துரை நல்லவர். அதைப் பற்றித் தருமபுரிக் கச்சேரியில் இரண்டு பேச்சு கிடையாது. குதிரைக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் தன் கையாலேயே மாத்திரை எடுத்துக் கொடுப்பார். வயசானவர்கள் மனுக் கொண்டுவந்தால் முதலில் உட்காரச் சொல்வார். மொழிபெயர்ப்புக் குமாஸ்தா வெங்கடாசலம் இதற்கு முன் மூன்று துரைகளிடம் திட்டு வாங்கியவர்; இந்தத் துரையிடம் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. அப்படியும் இரண்டே வருஷத்தில் அவருக்கு அலுத்துப் போய்விட்டது. அலுத்தது அந்த நல்லதனம்தான்.

துரையின் பேச்சுக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். விஷயம் என்னவோ எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் 'ஆனால்' என்று ஒரு நடை. மகள் பாஞ்சாலியின் கல்யாணத்துக்கு வெங்கடாசலம் நான்கு நாள் லீவு கேட்டபோது, "இதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்படுகிறேன் தெரியுமா" என்றார் துரை. முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. "ஆனால் அந்த வாரம் தொப்பூரில் கேம்ப் இருக்கிறதே" என்றார். அந்த வருத்தமும் நிஜம். வெங்கடாசலம் தாலி கட்டுகிற நேரத்துக்குச் சொந்த ஊரான நல்லம்பள்ளி வந்து சேர்ந்து, பந்தியில் இலை எடுப்பதற்குள் வண்டி ஏறினார்.

"ஏனுங்க, முடியாதுன்னா மொதல்லயே சொல்லிப்புட்டா என்ன? மனசு பாதி தூரம் போயித் திரும்ப வேண்டாமில்ல" என்றாள் மனைவி கண்ணம்மாள். அவள் இங்கிலீஷ் படித்தவள் அல்ல. ஆனாலும் கச்சேரியில் யாரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கும் மறுக்கத் தெரியாமல் இல்லை. நல்லம்பள்ளியில் ஒருவனிடம் உழவு மாடு இரவல் கேட்டால், "பாக்கலாமுங்க" என்பான். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று கேட்டவனுக்கும் தெரியும், சொன்னவனுக்கும் தெரியும். சித்தேரி மலையில் அதுவும் இல்லை. முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் களி தின்னக் கூப்பிடுவார்கள். பிரியத்தையும் மறுப்பையும் ஒரே சரட்டில் கோத்து, பிரியத்தை முன்னால் தொங்கவிடுகிறவர்கள் இங்கிலீஷ்காரர்கள்தான். இதில் பிரியமும் பொய்யில்லை, மறுப்பும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம். ஒன்றாவது பொய்யாக இருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

வெங்கடாசலம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எந்தத் துரையானாலும், எவ்வளவு நீளமாகப் பேசினாலும், முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டு, முடிந்த பிறகுதான் வாய் திறப்பார். திறந்ததும் வாலிலிருந்து ஆரம்பிப்பார். "முடியாதுங்க. சட்டத்துல எடமில்ல. தொரைக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்குது" என்பார். கேட்டவன் முகம் சுருங்கும். பிறகு, துரைக்கும் கஷ்டம்தானாம் என்ற நினைப்பில் கொஞ்சம் தேறிக்கொண்டு போவான். அடி முதலில், தைலம் பிறகு. பதினோரு வருஷம் இப்படித்தான் ஓட்டினார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

பெல்லாமி துரை தமிழ்ப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தார். வினை வந்தது அந்தப் பரீட்சையால். ஒருநாள் குமாஸ்தா தன் பேச்சைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை, அவருக்குக் கோபம் வராது. "உன் தமிழ் அருமையான தமிழ் என்று எல்லோரும் சொல்கிறார்கள், வெங்கடாசலம்" என்றார். வெங்கடாசலம் பின்வாசலுக்காகக் காத்திருந்தார். "ஆனால் நான் சொல்கிற வரிசையிலேயே சொல். நான் ஒரு துண்டு சொன்னதும் நீ ஒரு துண்டு. ஜனங்கள் என் மனசை நேராகப் பார்க்க வேண்டும்."

அன்றிலிருந்து துண்டு துண்டாக. வெங்கடாசலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. இனி எதற்கு வாதாடுவது என்று விட்டுவிட்டார்.

1937, வைகாசி மாதம். காட்டு எல்லை விசாரணைக்காக அரூர்ப் பக்கம் மலையடிவாரத்து பங்களாவில் கேம்ப். சித்தேரியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்திருந்தார்கள். முன்னால் ஊர்க்கவுண்டர் மல்லையன். அவருக்குப் பின்னால் காளியனும் அவன் தம்பி மாதேஸும். அவர்களுக்கும் பின்னால், ஒதுங்கி, கருப்பி. புருஷன் புளியமரத்திலிருந்து விழுந்து செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக மண்வெட்டி பிடிக்கிறவள்.

விஷயம் சின்னது. ஊருக்குப் பின்னால் ஓடைச் சரிவில் மூன்று காடு. காடு என்றால் மலை ஆட்களுக்கு விதைக்கிற நிலம். அதில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிறார்கள். போன மாசியில் அளவுக்காரர்கள் வந்து எல்லைக் கல் நட்டபோது அந்த மூன்றும் சர்க்கார் காட்டுக்குள் போய்விட்டன. ஒன்று காளியனுடையது, ஒன்று மாதேஸுடையது, மூன்றாவது கருப்பியுடையது. மற்ற இரண்டு பேருக்கும் ஊருக்குக் கீழே கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. கருப்பிக்கு அது ஒன்றுதான். ஆடியில் விதைக்கலாமா கூடாதா, அதைத் துரை வாயால் கேட்டுப் போக வந்திருந்தார்கள்.

மல்லையன் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். துரை கேட்டுக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது. பைப்பில் புகையிலையை அமுக்கிக்கொண்டே, "அது உங்கள் தகப்பன்மார் பாடுபட்ட மண் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

வெங்கடாசலம் அதைத் தமிழில் சொன்னார்.

"என் மனசைக் கேட்டால், அந்த நிலம் உங்களுடையதுதான்" என்றார் துரை.

"அந்த நெலம் ஒங்களுதுதான்னு தொரை மனசாரச் சொல்றாருங்க" என்றார் வெங்கடாசலம்.

துரை தீக்குச்சி கிழித்தார். காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அந்த இரண்டாவது குச்சி பற்றுவதற்குள் மல்லையன் எழுந்துவிட்டார். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே காளியன், மாதேஸ், எல்லோரும். கடைசியாகக் கருப்பி மண்ணைத் தொட்டாள். அவள் கை கொஞ்ச நேரம் தரையிலேயே இருந்தது. பிறகு அவளும் போனாள்.

அது ஏன் என்று வெங்கடாசலத்துக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் சித்தேரியில் ஒரு வரப்புத் தகராறைப் பார்த்திருக்கிறார். மல்லையன் தீர்ப்புச் சொன்ன மறுகணம் கூட்டம் எழுந்து கலைந்துவிட்டது. என்ன இது என்று கேட்டதற்கு மல்லையன் சொன்னார்: "நல்ல வார்த்த வுழுந்தப்புறம் குந்தியிருந்தா, அந்த வார்த்த மேல சந்தேகம்னு ஆயிருமுங்க. எந்திரிச்சறணும். திரும்பியும் பாக்கப்படாது. பாத்தா சொன்னவருக்கு அவமானம்."

"ஆனால்" என்றார் துரை, பைப் பற்றிக்கொண்ட பிறகு, நடந்து போகிற முதுகுகளைப் பார்த்து. "ஆனால் கோடு கிழித்தாகிவிட்டது. மதராஸிலிருந்து பதில் வரும்வரை அங்கே யாரும் மண்வெட்டி போடக் கூடாது."

வெங்கடாசலம் பத்தடி நடந்தார். "கவுண்டரே, நில்லுங்க" என்று கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை. திரும்ப மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் ஓடை முனையில் மறித்திருக்கலாம். உச்சி வெயில். வலது முழங்கால் காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளில் நாற்பது மனு மொழிபெயர்த்து வாயே கசந்து போயிருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"எவ்வளவு சந்தோஷமாகப் போகிறார்கள் பார்" என்றார் துரை பின்னாலிருந்து. "என்னைப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். மிச்சத்தை நீ சொல்லிவிடுவாய் இல்லையா?"

"எஸ் சார்."

டவாலிச் சேவகன் இன்னாசி கிட்டே வந்தான். துரையின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன் அவன். "என்னங்கய்யா, பாதி சாப்பாட்டுலயே எந்திரிச்சுட்டாங்க" என்றான்.

"எழுத்துல போகும்" என்றார் வெங்கடாசலம்.

எழுத்தில் போகத்தான் செய்தது. உத்தரவை அவரே தமிழில் எழுதினார். முத்து முத்தான எழுத்து. அதைப் பங்களாக் கதவில் ஒட்டச் சொல்லி இன்னாசியிடம் கொடுத்தார். சித்தேரியில் ஒருவரும் இறங்கி வந்து அந்தக் கதவைப் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் படிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். மறுநாள் காலை கேம்ப் தொப்பூருக்குக் கிளம்பிவிட்டது.

ஆடியில் மழை நன்றாகப் பெய்தது. நல்லம்பள்ளி வீட்டில் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வெங்கடாசலம், இந்நேரம் விதைத்திருப்பார்கள் என்று நினைத்தார். அடுத்த வாரம் ஒரு ஆளை அனுப்ப வேண்டும் என்றும் நினைத்தார். அடுத்த வாரம் வந்தது, போனது. ஆவணியில் ஒருமுறை நினைத்தார். அப்போது பயிர் முழங்கால் உயரம் வந்திருக்கும். இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அந்த நினைப்பையும் ஓரமாகத் தள்ளிவைத்தார். ராத்திரி சோறு இறங்காமல் இருந்ததற்கு வெயில் சூடு என்று மனைவியிடம் சொன்னார்.

ஐப்பசி முதல் வாரத்தில் காட்டுக் காவலர்களின் அறிக்கை கச்சேரிக்கு வந்தது. சித்தேரியில் மூன்று இடத்தில் உத்தரவை மீறிப் பயிர். இரண்டில் மாட்டை விட்டு அழித்தாயிற்று. மூன்றாவதை அழிக்கும் முன் ஒரு பொம்பளை குறுக்கே படுத்துக்கொண்டதால் மேலுத்தரவு வேண்டும்.

துரை அதை இரண்டு தடவை படித்தார். "நான் அவர்களிடம் அவ்வளவு பிரியமாகப் பேசினேனே" என்றார் கடைசியில். அடிபட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது அவர் முகம். "நானே போய்க் கேட்கிறேன்."

மலையேற அரைநாள் ஆயிற்று. துரை குதிரையில். வெங்கடாசலம் கால்நடையாக, பத்து வளைவுக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்து. ஓடைச் சரிவில் மாடுகள் மேய்ந்து மிதித்த இரண்டு காடும் சேறும் தாளுமாகக் கிடந்தன. மூன்றாவது காட்டில் சாமை கதிர் முற்றி, தலை சாய்த்து நின்றது. அறுக்க இன்னும் நாலைந்து நாள் போதும். அதன் ஓரத்தில் கருப்பி உட்கார்ந்திருந்தாள். வைகாசியில் பார்த்ததற்குப் பாதியாக இருந்தாள்.

இன்னாசி நாற்காலியைப் போட்டான். ஊர் முழுவதும் வந்து மண்ணில் உட்கார்ந்தது. காவலர்கள் இரண்டு பேர் ஓரமாக நின்றார்கள்.

"நான் சொல்லியும் ஏன் விதைத்தீர்கள் என்று கேள்" என்றார் துரை.

வெங்கடாசலம் கேட்டார்.

மல்லையனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. துரையைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். "தொரெ சொல்லித்தானுங்க வெதச்சோம். நெலம் ஒங்களுதுதான்னு சொன்னாரு. நீங்கதான சாமி எங்களுக்குச் சொன்னீங்க."

"காவக்காரங்க மாட்ட ஓட்டிக்கிட்டு வந்தப்பவும் அதத்தான் சொன்னமுங்க" என்றான் காளியன். "சிரிச்சாங்க."

துரை வெங்கடாசலத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். காடு மேட்டு ஜனம், புரியவில்லை என்று சொல்லலாம். பொய் சொல்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். காவலர்கள் ஆமாம் போடுவார்கள். துரையின் தமிழ் இந்த மலைப் பேச்சுக்கு எட்டாது. வரிசையை மாற்றாதே என்று நீங்கள்தானே உத்தரவு போட்டீர்கள் என்று துரை மேலேயே திருப்பலாம், அதிலும் உண்மை இருக்கிறது. இன்னும் மூன்று வருஷம் தள்ளினால் அவருக்கு ஓய்வு.

கருப்பியின் பெரிய பெண் தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெங்கடாசலம் அதைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஐந்து மாதமாக இருந்த வெட்கம்தான். அதற்கு அலுப்பு என்று பேர் வைத்து மூடி வைத்திருந்தார்.

"தப்பு என்னுடையது சார்" என்றார் இங்கிலீஷில். தன் வழக்கப்படி வாலை முதலில் சொல்லிவிட்டார். "நீங்கள் பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நல்ல வார்த்தை கேட்டால் எழுந்து போவது இவர்கள் வழக்கம். அது எனக்குத் தெரியும். மிச்சத்தைப் போய்ச் சொல்கிறேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டேன். போகவில்லை."

"ஏன் போகவில்லை?"

"அலுப்பாக இருந்தது சார்."

வேறு காரணம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மிதிபட்டுக் கிடந்த அந்த இரண்டு காட்டையும் பார்த்தார். "உண்மையைச் சொன்னாய். அதற்காக உன்னை மதிக்கிறேன், வெங்கடாசலம்" என்றார்.

வெங்கடாசலம் காத்திருந்தார்.

"ஆனால் இனிமேல் நீ என்னோடு கேம்புக்கு வர வேண்டாம். ரெக்கார்டு அறையில் இரு."

கேம்பே வேண்டாம் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் வேண்டிக்கொண்டவர் அவர். இன்று கிடைத்துவிட்டது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. முழங்கால் மட்டும் வலித்தது.

பிறகு துரை நாற்காலியிலிருந்தே கருப்பியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பயிரை இந்த அம்மாள் அறுத்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டு பேருக்கும் அழிந்ததற்கு ஈடாகச் சாமை சர்க்கார் கிடங்கிலிருந்து வரும். இது என் பொறுப்பு. இதைச் சொல்."

வெங்கடாசலம் வாய் திறக்கவில்லை. மிச்சமும் வரட்டும் என்று காத்திருந்தார். துரை அவரைப் பார்த்தார். வெங்கடாசலம் இன்னும் காத்திருந்தார். ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லேன்" என்றார் துரை. "அவ்வளவுதான்."

'ஆனால்' வரவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது வரவேயில்லை. வெங்கடாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கருப்பியைப் பார்த்து, "பயிரு ஒன்னுதும்மா. நீயே அறுத்துக்கோ. ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றார். காளியனுக்கும் மாதேஸுக்கும் சாமை வரும் என்பதையும் சொன்னார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கருப்பி மடியில் அரிவாள் இருந்தது. அதன் பிடியைக் கை பிடித்திருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். காளியன் உட்கார்ந்திருந்தான். ஊரே உட்கார்ந்து துரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"செரிங்க சாமி" என்றார் மல்லையன். "மிச்சத்தயும் சொல்லுங்க."

"மிச்சம் ஒண்ணுமில்லீங்க கவுண்டரே. அவ்வளவுதான்."

மல்லையன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வெங்கடாசலத்துக்கு எளிதாக இருந்திருக்கும். "அன்னிக்கும் அவ்வளவுதான்னு நெனச்சுத்தானுங்க எந்திரிச்சோம்" என்றார்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் போகாமல் இருக்கிறார்கள்? நான் சொன்னது பிடிக்கவில்லையா?"

"பிடித்திருக்கிறது சார்."

"பின்னே?"

இந்த ஒன்றை மொழிபெயர்க்க வெங்கடாசலத்தால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். துரை எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார், பதிலுக்கு யாரும் சிரிக்காததால் தொப்பியை மாட்டிக்கொண்டு குதிரையிடம் போனார். காவலர்களும் பின்னால் போனார்கள். குளம்புச் சத்தம் வளைவில் இறங்கித் தேய்ந்தது.

வெங்கடாசலம் கீழே இறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கூட்டம் அசையவில்லை. முற்றிய சாமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துரை எழுந்து போன வெறும் நாற்காலியைப் பார்த்தபடி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியை மடக்கி எடுக்க இன்னாசி குனிந்தான்.

"இருக்கட்டுமுங்க" என்றாள் கருப்பி. "தொரெ இன்னும் முடிக்கல."

இன்னாசி வெங்கடாசலத்தைப் பார்த்தான். வெங்கடாசலம் வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவர்களோடு மண்ணில் உட்கார்ந்தார்.